நான்கு மாதத்தில் தெரிய வருவது

(பட்டர்வொர்த்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வார்டில் திணறும் இளம் மருத்துவர்களை முன்னதாகவே கண்டு உதவுவது பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் ஏற்பாட்டாளர்களில் ஒருவருக்குத் தயக்கம் வந்தது. "டாக்டர் பிள்ளைங்களுக்கு என்ன சார் உதவி? அவங்கதான் கெட்டிக்காரப் பிள்ளைங்களாச்சே" என்றார். ஊரே அப்படித்தான் நினைக்கிறது. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வில் வரிசையாக ஏ வாங்கி, ஐந்து வருடம் மருத்துவம் படித்துத் தேறிய பிள்ளை, வார்டில் கால் வைத்த ஆறாவது வாரத்தில் திணறுகிறது என்றால் வீட்டில் நம்ப மாட்டார்கள். அந்தப் பிள்ளையும் நம்பாது. அதுவரை தோற்றுப் பழக்கமில்லை.

இந்த மண்டபத்தில் பலருக்கு இது வீட்டுச் செய்தி. 1996இல் பினாங்கு மருத்துவக் கல்லூரி தொடங்கியது. 2001இல் ம.இ.கா.வின் (மலேசிய இந்தியர் காங்கிரஸின்) கல்விக் கரமான எம்.ஐ.இ.டி. முயற்சியில் கெடாவில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் வந்தது. தோட்டத்திலிருந்தும் பாகான் டாலாம் வீடுகளிலிருந்தும் அங்கே போன பிள்ளைகள் உண்டு. மணிப்பாலுக்கும் இந்தோனேசியாவுக்கும் ரஷ்யாவுக்கும் போனவர்கள் உண்டு. அதற்காக அடகுக்குப் போன வீட்டுப் பத்திரங்களும் உண்டு. எங்கே படித்தாலும் கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது பயிற்சி மருத்துவமனையின் வார்டில்தான். நமக்குப் பக்கத்தில் செபராங் ஜெயா, தண்ணீர் தாண்டினால் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரி, வடக்கே போனால் சுங்கைப் பட்டாணி.

ஹவுஸ்மேன் பயிற்சி எப்படி நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1971 மருத்துவச் சட்டத்தின்படி, பட்டம் பெற்றவருக்கு மலேசிய மருத்துவ மன்றம் முதலில் தற்காலிகப் பதிவுதான் தரும். பயிற்சி முடித்தால்தான் முழுப் பதிவு. முன்பு ஓராண்டாக இருந்த பயிற்சி 2008இல் இரண்டாண்டாயிற்று. ஆறு துறை, ஒவ்வொன்றிலும் நான்கு மாதம்: பொது மருத்துவம், குழந்தை மருத்துவம், அறுவை, எலும்பு, பிரசவம், அதோடு அவசரப் பிரிவு போல இன்னொன்று. புதிதாக வந்தவர் முதல் சில நாள் ஒரு மூத்த ஹவுஸ்மேன் பின்னாலேயே விடிகாலை முதல் இரவு வரை சுற்ற வேண்டும். அதற்கு 'டேகிங்' என்று பெயர். நான்கு மாத முடிவில் மதிப்பீடு. தேறாவிட்டால் 'எக்ஸ்டென்ட்' ஆவார்.

கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். முதல் மாதத்தில் எல்லாரும் தடுமாறுவார்கள், யாரையும் தனியாகத் தெரியாது. இரண்டாம் மாதம் எம்.ஓ.வுக்கு, அதாவது வார்டின் மருத்துவ அதிகாரிக்கு, ஒருவரைப் பற்றி லேசாகச் சந்தேகம் வரும். மூன்றாம் மாதம் சந்தேகம் உறுதிப்படும். நான்காம் மாதம் அந்தப் பிள்ளை அடுத்த துறைக்கு மூட்டை கட்டும். அங்கே புது நிபுணர், புது எம்.ஓ., மறுபடியும் முதல் மாதம். இப்படி ஆறு முறை சுற்றி வந்தால், இரண்டாண்டு முழுவதும் ஒருவருக்கும் சரியாகத் தெரியாமலேயே ஒரு ஹவுஸ்மேன் கரையேறிவிடலாம். நடுவில் எங்காவது மாட்டிக்கொண்டாலோ, எக்ஸ்டென்ட்.

எக்ஸ்டென்ட் செய்வது தப்பு என்று நான் சொல்லவில்லை. நோயாளியின் பாதுகாப்பு முதலில். ஆனால் நடைமுறையில் அதற்கு என்ன பொருள்? எந்த வேலையில் ஒருவர் தடுமாறினாரோ, அதே வேலையை, அதே ஆட்களோடு, அதே கற்பித்தல் முறையில் இன்னும் சில வாரம் செய்யச் சொல்வது. நாள் கூடுகிறது, கற்பிப்பது கூடவில்லை. சக ஹவுஸ்மேன்கள் அடுத்த துறைக்குப் போன பிறகு புது முகங்களுக்கு நடுவில் பழைய ஆளாக நிற்கும் அவமானம் மட்டும் உபரி.

இப்படித் திணறுபவரை முன்னதாகவே கண்டுபிடிக்க முடியாதா? முடியும். யார் கண்டுபிடிப்பது என்பதில்தான் சிக்கல்.

அமெரிக்காவில் டேவிட் யாவோ, ஸ்காட் ரைட் என்ற இருவர் பொது மருத்துவப் பயிற்சித் திட்டங்களின் இயக்குநர்களிடம் நாடு தழுவிய கணக்கெடுப்பு ஒன்று நடத்தி 2000இல் வெளியிட்டார்கள். சிக்கலில் இருக்கும் பயிற்சி மருத்துவர்கள் நூற்றுக்கு ஏழு பேருக்குச் சற்றுக் குறைவு. திட்டங்களில் 94 விழுக்காட்டில் அப்படி ஒருவராவது இருந்தார். அவர்களை அடையாளம் காட்டியவர்கள் பெரும்பாலும் தலைமைப் பயிற்சி மருத்துவரும் மேற்பார்வை மருத்துவர்களும். 'எனக்குச் சிக்கல்' என்று தாமே முன்வந்தது வெறும் 2 விழுக்காடு! இதைப் படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. பொது மருத்துவ வார்டில் பல வருடம் இருந்தவன் நான். 'தெரியவில்லை, சொல்லிக் கொடுங்கள்' என்று வந்து நிற்கிற ஹவுஸ்மேன் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார். மூழ்குகிறவர் வந்து நிற்க மாட்டார். மருத்துவர்கள் தம்மைத் தாமே மதிப்பிடும் திறன் பற்றி 2006இல் டேவிஸ் என்பவரும் அவர் குழுவினரும் செய்த ஆய்வுத் தொகுப்பு இன்னும் சங்கடமானது: சில ஆய்வுகளில் திறமை மிகக் குறைந்தவர்களும் நம்பிக்கை மிக அதிகமானவர்களும்தான் தம்மை மிகத் தவறாக எடைபோட்டிருந்தார்கள். ஆகவே 'உதவி வேண்டுவோர் அணுகலாம்' என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுவதால் ஒன்றும் ஆகாது.

லண்டனில் பயிற்சி மருத்துவர்களுக்குப் பொறுப்பாக இருந்த எலிசபெத் பேய்ஸ் 2004இல் சக ஆசிரியர் ஒருவரோடு சேர்ந்து, சிக்கலில் இருப்பவரின் தொடக்க அறிகுறிகள் என்று ஒரு பட்டியல் தந்தார். அழைத்தால் ஆள் கிடைக்காமல் மாயமாவது, விடிகாலையில் வந்து நள்ளிரவில் போயும் வேலை முடியாதிருப்பது, வார்டில் திடீர் கோபம், யார் என்ன சொன்னாலும் ஏற்க முடியாமை. இவற்றோடு இன்னொன்றும் உண்டு. அதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன்: தாதியரும் சக மருத்துவர்களும் அந்த ஒருவரை மட்டும் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டு போவது.

இதை நேரிலேயே பார்த்தேன். ஒரு மருத்துவமனையில், பெயர் வேண்டாம், ஒரு ஹவுஸ்மேனைப் பற்றி எந்தப் புகாரும் இல்லை. பணிவான பையன். மதிப்பீட்டுப் படிவத்தில் எல்லாக் கட்டத்திலும் 'திருப்தி'. வார்டு சிஸ்டரிடம் வேறு எதற்கோ பேசிக்கொண்டிருந்தபோது, அவனைப் பற்றியும் கேட்டு வைத்தேன். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "அவரைக் கேட்டா பதில் வரும் டாக்டர். ஆனா வர்றதுக்குள்ள நாங்க எம்.ஓ.வைக் கூப்பிட்டுடுவோம்" என்றார். இரவுப் பணியில் அவன் இருக்கும் நாளில் எல்லா அழைப்பும் நேரே எம்.ஓ.வுக்கே போயிருக்கிறது. வேலை தடைபடவில்லை; அதனால் சிக்கல் யாருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாவுக்கு மட்டும் இரண்டாவது வாரமே தெரியும். அவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

ஹவுஸ்மேன்களை மதிப்பிடும் படிவத்தில் தாதியருக்கு ஓர் இடம் கொடுங்கள் என்று நான் சொன்ன போதெல்லாம், 'மருத்துவரைத் தாதி மதிப்பிடுவதா?' என்று முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். சுளித்தவர்களில் பாதிப் பேருக்கு பிரானுலா போடக் கைபிடித்துச் சொல்லிக் கொடுத்ததே ஒரு மிஸ்ஸிதான்.

இன்னும் முன்னால், கல்லூரியிலேயே அறிகுறி தெரியுமா? இங்கிலாந்தில் டர்ஹம் பல்கலைக்கழகத்தில் ஜான் மெக்லாக்லன் குழுவினர் 2009இல் ஒரு வேடிக்கையான வழியைக் கண்டார்கள். மாணவர்களின் அறிவை அளக்கவில்லை. தடுப்பூசிச் சான்றிதழைச் சொன்ன தேதியில் கொடுத்தாரா, படிவத்தை நிரப்பித் தந்தாரா, கட்டாய வகுப்புக்கு வந்தாரா என்று அலுவலகத்தில் ஏற்கெனவே கிடக்கும் தகவலுக்குப் புள்ளி போட்டார்கள். கூட்டிப் பார்த்தால், அந்தப் புள்ளிகள் ஆசிரியர்கள் அந்த மாணவர்களைப் பற்றித் தனியாகச் சொன்ன கருத்தோடு ஒத்துப்போயின. அமெரிக்காவில் மேக்சின் பாப்படாக்கிஸ் 2005இல் வெளியிட்ட ஆய்வு, பிற்காலத்தில் மருத்துவ வாரியங்களால் தண்டிக்கப்பட்ட 235 மருத்துவர்களின் பழைய கல்லூரிக் கோப்புகளைத் தண்டிக்கப்படாத 469 பேரின் கோப்புகளோடு ஒப்பிட்டது. மாணவப் பருவத்தில் நடத்தை பற்றிய குறிப்பு இருந்தவர்கள் பிற்காலத்தில் தண்டிக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு. கடுமையான பொறுப்பின்மை என்ற ஒன்றை மட்டும் எடுத்தால் எட்டு மடங்குக்கும் மேல். குறைந்த மதிப்பெண்ணுக்கும் தொடர்பு இருந்தது, ஆனால் அதன் பங்கு சிறியது.

இந்த எண்களைக் கேட்டதும் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குக் கை துறுதுறுக்கும். முதலாண்டிலேயே பட்டியல் போட்டுச் சிவப்பு மையில் வட்டமிட்டுவிடலாமே? இங்கே கொஞ்சம் நிதானம் வேண்டும். நூறு பயிற்சி மருத்துவர்கள், அவர்களில் உண்மையில் சிக்கலில் இருப்பவர்கள் ஏழு பேர் என்று வைத்துக்கொள்வோம். நம்மிடம் உள்ள சோதனை நல்ல சோதனை: சிக்கலில் இருப்பவரில் பத்துக்கு எட்டுப் பேரைப் பிடிக்கும், இல்லாதவரில் பத்துக்கு எட்டுப் பேரை விட்டுவிடும். ஏழில் ஐந்தாறு பேர் பிடிபடுவார்கள். மீதி 93 பேரில் 18, 19 பேர் சும்மா மாட்டுவார்கள். சிவப்பு வட்டத்துக்குள் இருக்கும் 24 பேரில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு குறையும் இல்லாதவர்கள். அந்த வட்டம் கோப்பில் ஏறிவிட்டால்? அடுத்த துறைக்கு அந்தப் பிள்ளை போகும் முன்பே பெயர் போய்விடும். 'அவனா, அவன் ஸ்லோ' என்று.

அதனால்தான் அறிகுறி தெரிந்ததும் செய்யும் முதல் காரியம் மலிவானதாக, யாருக்கும் கெடுதல் இல்லாததாக இருக்க வேண்டும் என்கிறேன். அரை மணி நேரப் பேச்சு, பக்கத்தில் நின்று ஒரு நோயாளியை அவர் பார்ப்பதைப் பார்ப்பது, போதும். 18 பேருக்கு அது தேவைப்படாமலே கிடைத்தால் என்ன நட்டம்?

பார்ப்பது என்று சொன்னேன். நம் மருத்துவமனைகளில் அரிதாக நடப்பது அதுதான். ஹவுஸ்மேன் எழுதிய குறிப்பைப் பார்க்கிறோம், ரவுண்டில் அவர் சொல்வதைக் கேட்கிறோம், ஏசவும் செய்கிறோம். அவர் ஒரு நோயாளியின் வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதை நின்று பார்த்த நிபுணர் எத்தனை பேர்? அமெரிக்காவின் ஜான் நார்சினி 1990களில் வகுத்த ஒரு முறை உண்டு, மினி-சி.இ.எக்ஸ். என்பார்கள். கால் மணியோ இருபது நிமிடமோ பார்த்துவிட்டு, அங்கேயே ஐந்து நிமிடம் பேசுவது. அவ்வளவுதான் அது.

பார்த்தால் என்ன தெரியும்? ஓர் இளம் ஹவுஸ்மேன், டெங்கி நோயாளியைப் பற்றி ரவுண்டில் சொல்கிறாள். காய்ச்சல் நின்று ஆறு மணி நேரம். தட்டணு இறங்குகிறது. ஹிமடோகிரிட் நேற்று 38, இன்று காலை 46. எல்லாவற்றையும் மடித்த தாளில் பொடி எழுத்தில் எழுதி வைத்து, ஒன்று விடாமல் வாசிக்கிறாள். "இதில் உனக்குக் கவலை தருவது எது?" என்று கேட்டேன். மறுபடியும் முதலிலிருந்து வாசித்தாள். டெங்கியின் அபாய அறிகுறிகளைச் சொல் என்றேன். வயிற்று வலி, ஓயாத வாந்தி, தட்டணு இறங்க ஹிமடோகிரிட் ஏறுவது என்று கிளிப்பிள்ளை போல் ஒப்பித்தாள். அவள் கையில் இருந்த தாளிலேயே அது நடந்துகொண்டிருந்தது. ரத்த நாளத்திலிருந்து நீர் கசிகிறது, இன்றிரவுக்குள் நோயாளி சரியலாம். அறிவு இருக்கிறது, எண்ணும் இருக்கிறது, இரண்டும் அவளிடம் ஒட்டவில்லை.

இந்தப் பெண்ணிடம் 'இன்னும் படி' என்று சொல்வது வீண். படித்ததைத்தான் ஒப்பிக்கிறாளே! அவளுக்கு வேறு பயிற்சி கொடுத்தோம். ஆய்வுக்கூட முடிவு வரும் முன்பே, 'மாலை ஹிமடோகிரிட் எவ்வளவு வரும், ஏன்?' என்று எம்.ஓ.விடம் சொல்ல வேண்டும். சொன்னது தப்பாகப் போகட்டும், பரவாயில்லை. முடிவு வந்ததும் ஏன் தப்பியது என்று இரண்டு நிமிடம் பேச வேண்டும். ஒரு நாளைக்கு இரண்டு நோயாளி. நான் பார்த்தவரை, இந்த வகைத் தடுமாற்றத்துக்கு இதைவிட நல்ல மருந்து இல்லை.

இன்னொருவன். மாலை எட்டு மணிக்கும் வேலை முடியாது, 'சோம்பேறி' என்று பெயர். ஒரு காலைப் பொழுது பின்னாலேயே போய்ப் பார்த்தால், பையன் ஓடிக்கொண்டே இருக்கிறான். ஒரு நோயாளிக்கு ரத்தம் எடுப்பான், கவுண்டருக்கு வந்து லேபிள் ஒட்டுவான், அனுப்புவான், அடுத்த படுக்கைக்குப் போவான், மறுபடி கவுண்டர். பன்னிரண்டு படுக்கைக்குப் பன்னிரண்டு நடை. அவனுக்குத் தேவை மருத்துவப் பாடமே இல்லை. இன்னும் சிலருக்கு மொழி. ஆறு வருடம் ரஷ்யாவில் படித்துவிட்டு வந்து, ஹொக்கியன் மட்டும் பேசும் பாட்டியிடம் நெஞ்சு வலி எப்போது தொடங்கியது என்று கேட்கத் தெரியாமல் நிற்பார்கள். வாசிப்புக் குறைபாடு சிலருக்கு இருபது வயதுக்கு மேல்தான் வெளிப்படும். நினைவாற்றலால் அதுவரை சமாளித்திருப்பார்கள். இத்தனை பேருக்கும் நாம் வைத்திருப்பது ஒரே மருந்து, எக்ஸ்டென்ஷன்.

கொலராடோவில் ஜெனெட் குவெராசியோ என்பவர் சிக்கலில் இருக்கும் மாணவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு திட்டம் நடத்தினார். 2006 முதல் 2012 வரை வந்த 151 பேரின் விவரம் 2014இல் வெளியானது. ஆசிரியர் நேரில் உட்கார்ந்து செலவழித்த ஒவ்வொரு மணி நேரத்துக்கும், அந்தப் பயிற்சி பெறுபவர் நன்னடத்தைக் கண்காணிப்பின் கீழ் வைக்கப்படும் வாய்ப்பு ஏறத்தாழ 3 விழுக்காடு குறைந்தது. ஒரு மணிக்கு மூன்று விழுக்காடு என்பது சின்ன எண்தான். பத்து மணி நேரம் போட்டுப் பாருங்கள்.

பிறகு ஏன் செய்வதில்லை? கனடாவின் ஒட்டாவாவில் நான்சி டுடெக் 2005இல் மேற்பார்வை மருத்துவர்களிடமே இதைக் கேட்டார். தேறாதவர் என்று தெரிந்தும் ஏன் அப்படி எழுதவில்லை? என்ன எழுதி வைப்பது என்று தெரியவில்லை. எழுதினால் மேல்முறையீடு, விசாரணை என்று இழுப்பார்கள். எழுதினாலும் அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க எந்த உதவியும் கைவசம் இல்லை. கடைசிக் காரணம் என்னை உறுத்துவது. உதவி இல்லாத இடத்தில் அடையாளம் காண்பது வெறும் காட்டிக்கொடுப்பாகிவிடுகிறது. நல்ல மனிதர்கள் அதனால்தான் 'திருப்தி'யில் டிக் போட்டுவிடுகிறார்கள்.

இனி எல்லாருக்கும் தெரிந்த, பேசத் தயங்குகிற விஷயம். 2022 ஏப்ரலில் பினாங்கு மருத்துவமனையில் பணிக்குச் சேர்ந்து சில வாரங்களே ஆன ஒரு ஹவுஸ்மேன் இறந்தார். அந்த மரணத்துக்கு என்ன காரணம் என்று ஊகம் பேசுவது என் வேலை இல்லை. அந்தக் குடும்பத்துக்கு மரியாதையும் ஆகாது. அதன் பிறகு வார்டுகளில் நடக்கும் பகடிவதை பற்றி நாடே பேசியது. சுகாதார அமைச்சு சித்தி ஹமிசா தப்சிர் தலைமையில் சிறப்புக் குழு ஒன்றை அமைத்து, வேலைச் சூழலை ஆராயச் சொன்னது. நான் எடுத்துக்கொண்ட பொருளுக்கு இதில் ஒரு தொடர்பு உண்டு. ஏச்சுக்குப் பயந்த வார்டில் அறிகுறிகள் மறைக்கப்படும். தெரியாததைத் தெரியும் என்பார்கள். பார்க்காத நோயாளியைப் பார்த்ததாக எழுதுவார்கள். கத்துகிற நிபுணர் தன் வார்டில் யார் திணறுகிறார் என்பதைக் கடைசியில்தான் அறிவார். மெக்கில் பல்கலைக்கழகத்தின் இவோன் ஸ்டைனர்ட் இந்தத் துறையில் வரும் ஆசிரியர்களுக்கு எழுதிய வழிகாட்டியில் கேட்கச் சொல்வது, 'இது யாருடைய சிக்கல்?' என்று. சில வேளை பயிற்சி பெறுபவருடையது, சில வேளை ஆசிரியருடையது, சில வேளை பணிப் பட்டியலுடையது.

பெற்றோருக்கு இங்கே ஒரு வார்த்தை. பிள்ளை போன் செய்தால் 'எப்ப ஸ்பெஷலிஸ்ட் ஆவே?' என்று கேட்கிறோம். 2016 கடைசியிலிருந்து வேலையே ஒப்பந்த அடிப்படையில்தான். 2021 ஜூலையில் ஒப்பந்த மருத்துவர்கள் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்து நின்றதை மறந்திருக்க மாட்டீர்கள். எக்ஸ்டென்ட் ஆனால் ஒப்பந்தம் என்னவாகும் என்ற பயம் அவர்களுக்குத் தனி. கல்யாண வீட்டில் 'எங்க டாக்டர்' என்று அறிமுகப்படுத்தும் அப்பாவிடம், 'எனக்கு ஈசிஜி படிக்கத் தெரியலப்பா' என்று எந்தப் பிள்ளை சொல்லும்? 'இந்த வாரம் யார்கிட்ட என்ன கத்துக்கிட்டே?' என்று கேட்டுப் பாருங்கள். 'யாரும் ஒண்ணும் சொல்லித் தரல' என்று பதில் வந்தால், அடுத்து என்ன பேசுவது என்று உங்களுக்கே தெரியும்.

யாருக்குத் துணை தேவை என்ற கேள்வி தமிழ்நாட்டில் வேறொரு விதமாக எழுந்தது. 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தரும் சட்டம் வந்தது. தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் பலர், முதல் தலைமுறையாக, ஆங்கிலத்தில் நடக்கும் உடற்கூறு வகுப்பில் போய் உட்கார்ந்தார்கள். இவர்களில் சிலருக்குத் துணை தேவைப்படும் என்று கண்டுபிடிக்க எந்த ஆராய்ச்சியும் வேண்டாம். முதல் நாளே தெரியும். இந்தியாவில் 2019இல் மருத்துவப் படிப்பின் தொடக்கத்தில் ஒரு மாத அடித்தளப் பாடம் கொண்டுவந்தார்கள். மொழிப் பயிற்சியும் அதில் சேர்த்திதான். ஒரு மாதத்தில் மொழி வந்துவிடாது என்பது வேறு கதை. எனக்குப் பிடித்தது, அந்த அடித்தளப் பாடம் எல்லாருக்கும் என்பது. ஒதுக்கீட்டுப் பிள்ளைகளை மட்டும் தனி அறையில் உட்காரவைத்தால் மறுநாளே அந்த அறைக்கு ஒரு பட்டப்பெயர் வந்துவிடும்.

நம் ஊருக்கு வருகிறேன். ஒரு காலத்தில் வார்டு கொள்ளாத அளவுக்கு ஹவுஸ்மேன்கள் குவிந்தார்கள். புதிய மருத்துவப் படிப்புகளுக்கு 2011இல் தடை போட வேண்டி வந்தது. 2019க்குப் பிறகு புதிதாகச் சேர்வோர் எண்ணிக்கை வெகுவாகக் குறைந்திருக்கிறது. ஆள் பற்றாக்குறை என்று புலம்புகிறோம், நியாயம்தான். ஆனால் நாற்பது பேரில் ஒருவரைக் கவனிப்பதைவிடப் பத்துப் பேரில் ஒருவரைக் கவனிப்பது எளிது. இப்போது செய்யாவிட்டால் எப்போதும் செய்யப்போவதில்லை.

நான் கேட்பது மூன்றாவது வாரத்தில் ஒரு சந்திப்பு. டேகிங் முடிந்து, பெயர் கெடுவதற்கு முன்பு. சந்திப்பவர் மதிப்பீட்டுப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவராக இருக்கக் கூடாது. எக்ஸ்டென்ட் செய்யும் அதிகாரம் உள்ளவரிடம் யாரும் மனம் திறக்க மாட்டார்கள். அதற்கு முன் வார்டு சிஸ்டரிடமும் எம்.ஓ.விடமும் ஒரே கேள்வி கேட்டிருக்க வேண்டும்: 'ராத்திரி ரெண்டு மணிக்கு இவரைக் கூப்பிடுவீங்களா, தாண்டிப் போவீங்களா?' பிறகு அந்த ஹவுஸ்மேனோடு ஒரு நோயாளியைப் பார்ப்பது. முடிவில் அரைப் பக்கக் குறிப்பு: எங்கே தடுமாற்றம், என்ன பயிற்சி கொடுக்கிறோம்.

நான்காம் மாதம் முடிந்து அடுத்த துறைக்குப் போகும்போது அந்த அரைப் பக்கம் என்னவாகும்? இதில் கல்வியாளர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. அனுப்பினால் புது இடத்தில் முன்முடிவோடு பார்ப்பார்கள். அனுப்பாவிட்டால் மறுபடியும் முதல் மாதத்திலிருந்து தொடங்க வேண்டும். நான் அனுப்ப வேண்டும் என்ற கட்சி, ஆனால் அலுவலகம் வழியாக வேண்டாம். தாள் அந்த ஹவுஸ்மேன் கையில் இருக்கட்டும். புதுத் துறையின் வழிகாட்டியிடம் முதல் வாரத்தில் அவரே கொடுத்து, 'எனக்கு இது வராது, இதில் உதவுங்கள்' என்று சொல்லட்டும். சிலர் கொடுக்க மாட்டார்கள், மடித்துப் பையில் வைத்துவிடுவார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க மறுபடியும் வார்டு சிஸ்டரைத்தான் போய்க் கேட்க வேண்டும்.